மருத்துவமும் சமநீதியும்

நோயுற்றவன் தன் பொருளைச் செலவிட்டுத் தன் வலியைத் தீர்த்துக்கொள்ள விரும்பினால், அதனைத் தடுக்கும் உரிமை அரசுக்கு உண்டா? கனடா நாட்டு நீதிமன்றங்கள் பல ஆண்டுகள் ஆராய்ந்த வினா இது.

கனடாவில் தேவையான மருத்துவமனைச் சிகிச்சைக்கும் மருத்துவர் பணிக்கும் நோயாளர் பணம் கொடுப்பதில்லை. மக்களின் வரிப்பணமே அச்செலவைத் தாங்குகிறது. மருத்துவர் பணிக்கு 1962இல் சஸ்காச்சுவான் மாநிலம் வகுத்த இந்நெறி பின்னர் நாடெங்கும் பரவியது; 1984ஆம் ஆண்டின் கனடா சுகாதாரச் சட்டம் அதற்கு வலுவூட்டியது. நோயின் கடுமையே முறையை வகுக்க வேண்டும். செல்வத்தின் அளவு வகுத்தலாகாது என்பது இதன் அடிப்படை. ஆயினும், வரிசை நீண்டது. மூட்டு அறுவைக்குப் பல திங்கள் காத்திருக்கும் நிலை வந்தது.

கியூபெக் மாநிலத்தில் ஷாவுலி என்னும் மருத்துவர் வழக்குத் தொடுத்தார். 2005இல் உச்ச நீதிமன்ற நீதிபதிகள் எழுவருள் நால்வர், தனியார் காப்புறுதிக்கு இருந்த தடை அம்மாநில உரிமைச் சாசனத்துக்கு முரணானது என்றனர். வான்கூவர் நகரில் 1996இல் தனியார் அறுவை நிலையம் கண்ட எலும்பு மருத்துவர் பிரையன் டேயின் தலைமையில் 2009இல் மற்றொரு வழக்கு எழுந்தது. ‘உரிய காலத்தில் சிகிச்சை தர இயலாத அரசு, பிற வழியையும் அடைப்பது அறமாகுமா?’ என்பதே அவர் தரப்பின் வாதம். எளிதில் தள்ளத்தக்க வாதமன்று அது. துடிப்பவனுக்குக் கொள்கை மருந்தாகாது.

எதிர்த்தரப்பிலும் நியாயம் உண்டு. அறுவை மருத்துவரின் ஒரு நாள் இரு நாளாகப் பெருகாது. கூடுதல் பணம் தருவோர்க்கென ஒதுக்கிய நேரம், பொது வரிசையில் நிற்போரிடமிருந்து கழிந்த நேரமே. பொருள் பெருகும் பக்கம் மருத்துவர் செல்வராயின், ஏழையின் காத்திருப்பு மேலும் நீளும். 2020இல் மாநில நீதிமன்றம் வழக்கைத் தள்ளியது. 2022இல் மேல்முறையீடும் தோற்றது. காத்திருப்பதால் சிலர்க்குத் தீங்கு நேர்வதை மேல்முறையீட்டு மன்றம் ஏற்றுக்கொண்டது. எனினும் சட்டம் செல்லும் என்றது. 2023இல் உச்ச நீதிமன்றம் வழக்கை விசாரிக்க மறுத்தது.

வழக்கு முடிந்தது, அறவினா முடியவில்லை. கடையில் பொருள் வாங்கும் உரிமையும் மருத்துவரின் நேரத்தை வாங்கும் உரிமையும் ஒன்றல்ல. பின்னது பலர்க்கும் பொதுவான, அளவுக்குட்பட்ட செல்வம். ஆகவே அரசின் தடை நியாயமானதே. ஆனால், அது நிபந்தனையுள்ள நியாயம். ஒருவழியை அடைப்பவன், எஞ்சிய வழியைச் செம்மையாக வைத்திருக்கக் கடமைப்பட்டவன். நோயாளியின் நிலை, நோயின் அளவு, காலம் ஆகிய மூன்றையும் மருத்துவன் கருத வேண்டும் என்பது வள்ளுவர் காட்டிய நெறி. மருத்துவத்தைத் தன் பொறுப்பில் ஏற்ற அரசுக்கும் அந்நெறி பொருந்தும். சமநீதியின் பெயரால் ஒருவனைக் காக்க வைக்கும் அரசு, அவன் காத்திருக்கும் காலத்தைக் குறைக்க இடையறாது உழைத்தல் வேண்டும். அவ்வுழைப்பு குன்றுமிடத்து, தடை மட்டும் எஞ்சும், நீதி எஞ்சாது.