உடற்பயிற்சியும் ஐந்தாம் சீலமும்





பௌர்ணமிதோறும் நாம் ஒன்றுகூடித் திரிசரணம் புகுந்து பஞ்சசீலம் ஏற்கின்றோம். முதல் நான்கு சீலங்களைப் பற்றி நம்முள் ஐயம் எழுவது அரிது. கொலையும் களவும் காமத் தவறும் பொய்யும் தீயவை என்பதை உலகமே ஒப்பும். ஐந்தாவதாகிய லாகிரி விலக்கலைப் பற்றியோ, காலந்தோறும் புதுப்புது ஐயங்கள் கிளம்புகின்றன. இக்காலத்து இளைஞரிடையே எழுந்துள்ள ஐயம் ஒன்றை இன்று எடுத்துக்கொள்வோம். உடலை உறுதிசெய்யும் பொருட்டு ஓடுவோரும் பளு தூக்குவோரும், பயிற்சிக்கு முன்னோ பின்னோ சிறிது கஞ்சா கொள்வது சீலத்துக்கு மாறாகுமா என்பதே அது. கேளிக்கைக்காகக் குடிப்பது வேறு, தேக நலத்துக்காக ஒரு பச்சிலையைக் கொள்வது வேறு என்பது அவர்தம் வாதம். இதனைக் கேலி செய்து ஒதுக்குதல் முறையன்று. பிறர் சொன்னார் என்பதற்காக ஏற்கவும் வேண்டா, தாமே ஆராய்ந்து நன்மை தீமை கண்டு தெளிக என்று ததாகதர் காலாமர்களுக்குக் காட்டிய நெறியில் நின்று, நாமும் ஆராய்ந்தே பார்ப்போம்.

முதற்கண் உடற்பயிற்சியைப் பற்றி ஒரு சொல். பௌத்தர் உடலை இகழ்பவர் என்று எண்ணுவாருளர். அவ்வெண்ணம் தவறு. ஆறாண்டுகள் உணவைச் சுருக்கியும் மூச்சை அடக்கியும் உடலை வாட்டிய சித்தார்த்தர், அவ்வழியால் பயனில்லை எனக் கண்டு, சுஜாதை அளித்த பாலன்னத்தை ஏற்று உடலைத் தேற்றிக்கொண்ட பின்னரே போதி மரத்தடியில் அமர்ந்தார். முன்னும் பின்னுமாக உலாவிப் பயிலும் நடைத் தியானத்துக்கு ஐந்து நன்மைகள் உண்டென்று அங்குத்தர நிகாயத்தில் பகவான் எடுத்துரைக்கின்றார். நெடுவழி செல்லும் ஆற்றல் உண்டாகும், முயற்சியில் தளராத வலிமை உண்டாகும், நோய் குறையும், உண்டது நன்கு செரிக்கும், நடக்கையில் எய்திய மன ஒருமை நெடுநேரம் நிலைக்கும். காலில் தொடங்கிய பயிற்சி உள்ளத்திற் சென்று முடிகின்ற ஒழுங்கை இதிற் காண்கின்றோம். ஆகவே தண்டாலும் பஸ்கியும் ஓட்டமும் நடையும் நமக்கு அயலானவை அல்ல. உடலைப் பேணுதல் உபாசகரின் கடமையேயாகும்.

பயிற்சியோடு கஞ்சாவைச் சேர்த்தல் புதிய வழக்கமன்று. காசி முதலிய வடநாட்டு நகரங்களில் மல்லர் சிலர், பாங்கு எனப்படும் கஞ்சா இலையை வாதுமைப் பருப்பும் மிளகும் கூட்டி அரைத்துப் பாலிற் கலந்து பருகுதல் நெடுநாளைய வழக்கம். எண்ணற்ற தண்டால்களைச் சலிப்பின்றிச் செய்ய அது துணைபுரியும் என்பது அவர் நம்பிக்கை. 1893-ல் அமைக்கப்பட்ட இந்தியக் கஞ்சா விசாரணைக் குழு, மறு ஆண்டு அளித்த அறிக்கையில், கடும் உழைப்பின்போது இதனைக் கொள்வோர் இன்னார் இன்னார் எனக் குறித்தது. மல்லரோடும் கழைக்கூத்து முதலிய தேக வித்தை பயில்வோரோடும், பல்லக்குத் தூக்குவோரும், சுமைகூலிகளும், தபால் சுமந்து ஓடுவோரும் அதில் இடம்பெற்றனர்.

இந்தப் பெயர்களை நாம் சற்று நின்று கவனிக்க வேண்டும். பல்லக்கில் அமர்ந்து சென்றவர் யார், அதனைத் தோளில் ஏற்றவர் யார் என்பது நமக்குச் சொல்லித் தெரிய வேண்டுவதில்லை. கஞ்சா அப்பல்லக்கின் பாரத்தில் ஒரு பலமேனும் குறைக்கவில்லை. தோள் நோவதைத் தோளுக்குடையவன் உணராதபடி மட்டும் செய்தது. நோவு தெளிவாகத் தெரிந்திருந்தால், அவன் ஒருநாள் பல்லக்கைக் கீழே இறக்கி, இது ஏன் என் தோள்மேல் இருக்கின்றது என்று கேட்டிருக்கவுங் கூடும். மயக்கம் யாருக்கு உதவிற்று என்பதை இதனால் அறியலாம்.

இனி, இக்கால வாதத்துக்கு வருவோம். அமெரிக்காவில் கொலராடோ, கலிபோர்னியா முதலிய மாநிலங்களில் கஞ்சா சட்டப்படி விற்பனையாகின்றது. அத்தகைய மாநிலங்களில் கஞ்சா கொள்வோர் ஏறத்தாழ 600 பேரை வினவிய ஆய்வொன்று 2019-ல் வெளிவந்தது. அவருள் நூற்றுக்கு 80-க்கு மேற்பட்டோர், பயிற்சியை ஒட்டி அதனைக் கொள்வதாக விடையிறுத்தனர். பயிற்சி இனிக்கின்றது, பின்னர் உடல்நோவு தணிகின்றது என்பன அவர் கூறிய காரணங்கள். பின்னர் 2023-ல் கொலராடோப் பல்கலைக்கழகத்தார் 42 ஓட்டக்காரரை, கஞ்சா கொண்டு ஒரு முறையும் கொள்ளாமல் ஒரு முறையுமாக, இயந்திரப் பட்டையின்மேல் 30 நிமிடம் ஓடச்செய்து பார்த்தனர். கஞ்சா கொண்டபோது ஓட்டம் இன்பமாயிருந்ததென்று அவர்கள் கூறினர். ஆனால் மயக்கந்தரும் டி.எச்.சி. என்னும் பொருள் மிகுந்த வகையைக் கொண்டவர்களுக்கு, அதே ஓட்டம் முன்னினும் கடினமாகத் தோன்றிற்று. தாம் கொள்வது கஞ்சா என்பதை அவர் அறிந்திருந்தமையால், எதிர்பார்ப்பும் அவ்வின்பத்தில் ஒரு பங்கு பெற்றிருத்தல் கூடும். எவ்வாறாயினும், உடல் வலிமையையோ ஓட்டத்தின் வேகத்தையோ கஞ்சா பெருக்கும் என்பதற்கு ஆய்வுகள் சான்று தரவில்லை.

இதயத்தைப் பற்றிய செய்தி இன்னும் கவனிக்கத்தக்கது. கஞ்சாப் புகை உட்சென்ற சில நிமிடங்களில் இதயம் விரைந்து துடிக்கின்றது. ஓடும்போதும் இதயம் விரைகின்றது. ஏறும் மாட்டின்மேல் இரட்டைப் பாரம் ஏற்றுதல் போல்வது இது. 1974-ல் நெஞ்சுவலி நோயுடைய பதின்மரை மருத்துவர் ஆராய்ந்தனர். ஒரு கஞ்சாச் சுருட்டைப் புகைத்த பின்னர், வலி தோன்றாமல் அவர்கள் பயிற்சி செய்யக்கூடிய நேரம் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்துவிட்டது. மாரடைப்புற்றோரை ஆராய்ந்து 2001-ல் வெளியிட்ட மற்றோர் ஆய்வு, புகைத்த முதல் ஒரு மணி நேரத்தில் மாரடைப்பு நேரும் அபாயம் ஐந்து மடங்கை நெருங்குவதாகக் காட்டியது. வாலிபருக்கு இந்த அபாயம் சிறிதாகலாம். ஆனால் தம் இதயத்திலுள்ள குறையை முன்னதாக அறிந்திருப்போர் எத்தனை பேர்?

இதுகாறும் உரைத்தது உடலைப் பற்றிய கணக்கு. இதனோடு நிறுத்திவிட்டால் நாம் மருத்துவம் பேசியவராவோமேயன்றித் தம்மம் பேசியவராக மாட்டோம். இதயத்துக்குத் தீங்கு செய்யாத கஞ்சா ஒன்று நாளைக்கே உண்டாக்கப்பட்டால் என் செய்வோம்? அப்போது சீலம் என்ன சொல்லும்?

பாளி மொழியில் ஐந்தாம் சீலம் சுரையையும் மேரயத்தையும், அதாவது காய்ச்சியும் புளிக்க வைத்தும் ஆக்கும் மதுவகைகளையே பெயர் கூறி விலக்குகின்றது, கஞ்சாவின் பெயர் அதில் இல்லை என்று வாதிப்பர். பெயர் இல்லாமை மெய்யே. ஆயினும் அந்தச் சீலம் தன் காரணத்தையும் தன்னுள்ளேயே வைத்திருக்கின்றது. பமாதத்துக்கு இடமாவது என்பதே அக்காரணம். பமாதமாவது விழிப்பின்மை, நினைவு தவறுதல், அசட்டை. பனையிலிருந்து வந்ததா, செடியிலிருந்து வந்ததா என்று சீலம் கேட்பதில்லை. உள்ளத்தின் விழிப்பைக் கெடுக்கின்றதா என்று கேட்கின்றது. 1956 அக்டோபர் 14-ஆம் நாள் நாகபுரியில் அண்ணல் அம்பேத்கர் அளித்த 22 உறுதிமொழிகளில் மதுவையும் பிற போதைப் பொருள்களையும் விலக்கும் உறுதிமொழியும் உள்ளதை நாம் அறிவோம்.

வினயத்தில் வரும் சாகத தேரர் வரலாறு இதற்கு விளக்கமாகும். அவர் தம் ஆற்றலால் கொடிய நாகம் ஒன்றை அடக்கியவர். அதனால் மகிழ்ந்த கோசாம்பி நகரத்தார் வீடுதோறும் அவருக்கு மது அளித்தனர். அன்போடு கொடுத்ததை அவரும் பருகினார். நகர வாயிலில் நினைவிழந்து வீழ்ந்தார். பகவானின் பக்கம் கால்நீட்டிக் கிடந்த அவரைச் சுட்டி, இந்நிலையில் இவரால் ஒரு தண்ணீர்ப் பாம்பையேனும் அடக்க முடியுமா என்று பகவான் பிக்குகளை வினவினார். நாகத்தை வென்றவரின் வலிமை எங்கும் போய்விடவில்லை. அதனை ஆளும் விழிப்பே போயிற்று.

கஞ்சாவைப் பகவானே அனுமதித்தார் என்று சொல்வாரும் உளர். வினயத்தின் மருந்துப் பகுதியைப் பாராமல் பேசுவதால் வரும் மயக்கம் இது. பிலிந்தவச்சர் என்னும் தேரருக்கு மூட்டுவாதம் கண்டபோது, வியர்வை வருவித்தல் முதலிய சிகிச்சைகளைப் பகவான் அனுமதித்தார். பங்கோதகம் என்பது அவற்றுள் ஒன்று. கஞ்சா இலை ஊறிய நீர் என்று சிலர் பொருள் கொள்வர். பல்வகை இலைகளை இட்டுக் காய்ச்சிய நீர் என்பது பழைய உரை. எப்பொருள் கொள்ளினும், அது நொந்த உடம்பின்மேல் இடும் வெளிப்பூச்சு மருந்தேயன்றி உட்கொள்வதன்று. அத்தேரருக்கே வாதத்துக்கு எண்ணெய் காய்ச்சியபோது, மதுவின் நிறமும் மணமும் சுவையும் தோன்றாத அளவுக்கே அதிற் சேர்க்கலாம் என்று பகவான் வரையறுத்தார். நோய்க்கு மருந்து உண்டு, மருந்துக்கு அளவும் உண்டு என்பது இதனாற் பெறப்படும். இன்றும் அச்செடியின் சி.பி.டி. என்னும் மயக்கந்தராத பொருளிலிருந்து ஆக்கிய மருந்தொன்றை, அரிய வகை வலிப்பு நோய்களுக்கென 2018-ல் அமெரிக்க அரசு ஏற்றுள்ளது. மருத்துவர் ஆய்ந்து கொடுக்கும் மருந்தை உண்பவர் சீலங் குலைந்தவராகார். நோயற்ற வாலிபன் ஓட்டம் இனிக்க வேண்டுமென்று புகைப்பதை அதனோடு சேர்த்தெண்ணல் பொருந்தாது.

உழைப்பின் நோவுக்குப் பகவான் தந்த மருந்து எது? சம்பா நகரத்துச் செல்வர் வீட்டிற் பிறந்த சோண கோளிவிசரின் வரலாற்றில் அது விளங்குகின்றது. மென்மையான பாதங்களை உடையவர் அவர். துறவு பூண்டு இராசகிருகத்தை அடுத்த சீதவனத்தில் தங்கி, இரவு பகலாக நடைத் தியானம் பயின்றார். பாதங்கள் வெடித்து நடைபாதை குருதியால் நனைந்தது. இத்தனை முயன்றும் பயனில்லையே, வீடு திரும்பிவிடலாமா என்று சோர்ந்தார். பகவான் அவரிடம் வந்து, நீ முன்னர் வீணை வாசிப்பதில் வல்லவன் அல்லவா என்று வினவி, நரம்பை மிக முறுக்கினாலும் மிகத் தளர்த்தினாலும் இசை பிறவாமையை அவர் வாயாலேயே சொல்வித்து, முயற்சிக்கும் அவ்வாறே ஒரு சுதி உண்டென உணர்த்தினார். அதனோடு, புண்பட்ட பாதங்களுக்குச் செருப்பணியவும் அனுமதித்தார். தமக்கு மட்டும் அச்சலுகை வேண்டா என்று சோணர் கூறவே, சங்கம் முழுவதற்கும் அதனை விரித்தார்.

சகோதரர்களே! நோவை மறக்கச்செய்யும் எதனையும் பகவான் சோணருக்குக் கொடுக்கவில்லை. நோவு சொல்லும் செய்தியைக் கேட்கக் கற்பித்தார். காலுக்குச் செருப்பையும் முயற்சிக்கு அளவையும் கொடுத்தார். நம் பயிற்சிச் சாலைகளுக்கு இதனினும் மேலான விதி வேறில்லை. முழங்கால் நொந்தால் அது நிறுத்து என்கின்றது. மூச்சு முட்டினால் அது மெல்லச் செல் என்கின்றது. அக்குரலை அடைத்துவிட்டு ஓடுபவன், அன்று நாலு கல் தொலைவு கூடுதலாக ஓடலாம். சுதி தெரியாத கையால் வீணையை முறுக்குபவனாகவே அவன் ஆவான்.

பயிற்சியில் இன்பம் வேண்டாவா எனின், வேண்டும். அவ்வின்பம் உழைப்பிலிருந்தே ஊறுகின்றது. 1992-ல் எருசலேம் பல்கலைக்கழக அறிஞர், கஞ்சாவின் டி.எச்.சி. சென்று பற்றும் அதே இடத்தை மூளையிற் பற்றும் பொருளொன்று உடலிலேயே இயல்பாக உண்டாவதைக் கண்டறிந்தனர். ஆனந்தம் என்னும் நம் நாட்டுச் சொல்லைக் கொண்டே அதற்கு ஆனந்தமைடு எனப் பெயரிட்டனர். மிதமாக ஓடுவோர் குருதியில் அப்பொருள் பெருகுகின்றது என்று 2003-ல் வெளிவந்த ஆய்வு காட்டிற்று. வீட்டுக் கிணற்றில் நீர் ஊறும்போது, விலைகொடுத்து வாங்கிய சேற்றை அதில் ஊற்றுவானேன்?

சட்டத்தைக் காட்டுவோருக்கும் ஒரு விடை கூறுவோம். 1985-ஆம் ஆண்டுப் போதைப்பொருள் சட்டம் பூவும் காயும் சேராத கஞ்சா இலையைத் தன் வரையறைக்கு வெளியே விட்டமையால், சில மாநிலங்களில் பாங்கு உரிமம் பெற்ற கடைகளில் விற்கின்றது. சட்டம் பொதுமக்களுக்கு இடும் வேலி. சீலம் நாமே நமக்கு ஏற்றுக்கொண்ட விரதம். மணிமேகலையில், கப்பல் உடைந்து நாகர் மலையில் ஒதுங்கிய சாதுவனுக்குக் கள் அருந்த எவ்வகைத் தடையும் இல்லை. விருந்தோம்பிய தலைவனே அதனை அளித்தான். மயக்கந் தருவதை அறிவுடையோர் விலக்கினர் என்று சாதுவன் மறுத்தான். அந்த மறுப்பைக் கேட்டே நாகர் தலைவன் அறங்கேட்கத் தொடங்கினான். நம் மொழியில் நமக்கு வாய்த்த முன்னோடி அவன்.

ஆகவே நம் இளைஞர் அதிகாலையில் எழுக. நடக்க, ஓடுக, பளு தூக்குக. அடி வைக்கும்போது அடியையும், மூச்சு வாங்கும்போது மூச்சையும் அறிந்து செய்க. அப்போது பயிற்சிச் சாலையே தியான மண்டபமாகும். நம்முள் எவரேனும் இப்பழக்கத்தில் அகப்பட்டிருப்பின், அவரை இகழ்தல் நம் கடனன்று. நெடுநாட் பழகி விட்டவருக்குச் சில வாரம் உறக்கம் குறையும், சினம் மிகும். அந்நாட்களில் அவரோடு உடன் நடக்க ஒருவர் வேண்டும். தேவையாயின் மருத்துவரிடமும் அழைத்துச் செல்ல வேண்டும். சீலம் ஒருமுறை குலைந்தால் மறுபடி ஏற்றுக்கொள்ளக் கூடியதே. அடுத்த பௌர்ணமியில் அவரும் நம் பக்கத்தில் அமர்ந்து ஐந்தையும் ஏற்பாராக.

தலைமுறை தலைமுறையாகப் பிறர் பாரத்தைச் சுமந்த தோள்கள் நம்முடையவை. இன்று அத்தோள்களை நமக்காகவே வலுப்படுத்துகின்றோம். அந்த வலிமையை விழித்த கண்ணோடு பெறுவோமாக!

எல்லா உயிரும் இன்புற்று வாழ்க!

சாது! சாது! சாது!