ஊன்றுகோலும் உரிமையும்

"பெற்றவரைத் தனியே விட்டுவிட்டுப் பிள்ளைகள் பிழைக்கப் போய்விட்டனர்! கூலி கொடுத்து ஆள் வைத்துக் கிழவரைப் பார்த்துக்கொள்ளும் காலம் வந்துவிட்டது! தருமம் தலைகுப்புற வீழ்ந்துவிட்டது!" — பழமையின் பாதுகாவலர் மேடையேறும்போதெல்லாம் இந்த ஒப்பாரி தவறாமல் ஒலிக்கிறது. கேட்போர் கண் கசிகிறது. கூட்டத்தின் ஓரத்தில் நிற்கும் இளைஞனும், ஊரில் தனித்திருக்கும் தாயை எண்ணி, குற்றவாளிபோல் தலை கவிழ்கிறான். ஒப்பாரியின் ஓசையில் உண்மை அமிழ்ந்துவிடக் கூடாது என்பதற்காகவே எழுதுகிறோம்.

முதியவர் ஒருவர் தமது வீட்டிலேயே வாழ்கிறார். காலையில் ஒரு பணியாளர் வந்து குளிக்க உதவுகிறார், கஞ்சி வைத்துத் தருகிறார். வாரம் ஒருமுறை செவிலியர் வந்து இரத்த அழுத்தம் பார்க்கிறார். பிற நேரமெல்லாம் அவர் தம் விருப்பம்போல் ஏடு படிக்கிறார், வானொலி கேட்கிறார், அண்டை வீட்டாரோடு அரசியல் பேசிச் சண்டையும் பிடிக்கிறார். பிள்ளை வெளியூரில். இது கைவிடப்பட்ட வாழ்வா, கண்ணியமான வாழ்வா? முதுகு தேய்த்துவிடப் பிறர் கை வேண்டியிருக்கும் ஒருவரைத் 'தன்னுரிமையோடு வாழ்கிறார்' என்று சொல்வது பொருந்துமா?

பொருந்தும் என்கிறோம் நாம். உதவியே பெறாமல் வாழ்பவன்தான் உரிமையாளன் என்றால், உலகில் உரிமையாளன் ஒருவனும் இல்லை. ஐம்பது வயது அதிகாரி ஒருவரைப் பாருங்கள். காப்பி கலக்கத் தெரியாது அவருக்கு. சட்டையை வெளுக்க ஓர் ஆள், வண்டியை ஓட்ட ஓர் ஆள், கோப்பைத் தூக்கிவர ஓர் ஆள், சோறு போட்டுத் தர மனைவி! இத்தனை பேர் கைகளால் நடமாடும் அவரை, 'பிறர் தயவில் வாழ்பவர்' என்று எவரேனும் இகழ்கிறார்களா? இல்லை, 'பெரிய மனிதர்' என்கிறார்கள். அதே மனிதர் எண்பது வயதில் எழுந்து நிற்க ஒரு கை கேட்டால், உடனே 'பாரம்' ஆகிவிடுகிறார்! அவர் பெறும் உதவி கூடிவிட்டது என்பதாலா? அன்று உதவி அவர் சொற்படி வந்தது. இன்று தருபவர் மனம்போல் வருகிறது. மாறியது அது ஒன்றுதான். ஆகவே, முதுமையில் உரிமை நிலைக்குமா என்ற கேள்விக்கு விடை முழங்காலின் வலிமையில் இல்லை. கிடைக்கும் உதவிக்கு ஈடாக அவர் தம் மானத்தைக் கொடுக்க வேண்டியிருக்கிறதா இல்லையா என்பதில் இருக்கிறது.

சான்று தேடித் தொலைவு போக வேண்டியதில்லை. பெரியார் தமது இறுதி ஆண்டுகளில் எப்படி வாழ்ந்தார்? சிறுநீர் வடியக் குழாய். அது சேரக் கலம். ஏற ஒரு கை, இறங்க ஒரு கை. அந்த உடலோடுதான் ஊர் ஊராக வேனில் சென்றார். 1973 டிசம்பர் 19 அன்று, 95-ஆம் வயதில், சென்னை தியாகராய நகரில் தமது கடைசிப் பேருரையை நிகழ்த்தினார்; வலி தாளாது இடையிடையே துடித்தார், ஆனாலும் தொடர்ந்தார்; ஐந்தாம் நாள் மறைந்தார். தமிழ்நாட்டில் அன்று அவரினும் தன்னுரிமையோடு வாழ்ந்தவர் எவர்? அவரினும் பிறர் உதவி வேண்டியிருந்தவர்தாம் எத்தனை பேர்? இரண்டும் ஒரே உடலில் இருந்தன.

இங்கே ஒரு கேள்வியை நாமே எழுப்பிக்கொள்ள வேண்டும். பெரியாருக்கு மணியம்மையார் இருந்தார். அவரோ பணிவிடையோடு முடங்கியவர் அல்லர். பெரியாருக்குப் பின் தலைமையை ஏற்று 1978 வரை இயக்கத்தை நடத்தியவர். அத்தகைய துணை எல்லார்க்கும் வாய்க்குமா? வாய்க்கவில்லையெனில் என்ன செய்வது? 'ஏதோ ஒரு பெண் எங்கோ தோன்றித் தன் வாழ்வை ஈந்துவிடுவாள்' என்ற எதிர்பார்ப்பின்மேல் ஒரு சமுதாயம் தன் முதியோரைப் படுக்க வைக்கலாமா?

"மகன் இருக்கிறானே!" என்பார் சனாதனி. புத் என்னும் நரகத்திலிருந்து தந்தையைக் கரையேற்றுபவன் புத்திரன் என்று சொற்பொருள் கூறுகிறது மனுநூல். செத்தபின் கரையேற்றுவது கிடக்கட்டும். சாகுமுன் படுக்கை மாற்றுபவர் யார்? மகனா? மலம் அள்ளுபவரும், உடல் துடைப்பவரும், நள்ளிரவில் எழுந்து தண்ணீர் தருபவரும் மருமகள்! 'தாயைத் தெய்வமாக வைத்திருக்கிறான்' என்ற பட்டம் மகனுக்கு. கைகளில் காய்ப்பு அவளுக்கு. அவள் சம்மதம் கேட்கப்பட்டதா? அவளைப் பெற்ற தாய் எங்கோ ஓர் ஊரில் தனித்துக் கிடக்கிறாளே, அவளைப் பார்க்க யார் போவது? இந்தக் கேள்விகளுக்குத் தருமநூலில் ஏடு இல்லை. முதுமையில் பெண் மகனுக்கு அடங்கியிருக்க வேண்டும், எந்நிலையிலும் தன்னுரிமைக்குரியவள் அல்லள் என்பதே அந்த நூலின் தீர்ப்பு. கூட்டுக் குடும்பத்தின் குளிர்நிழலைப் புகழ்கிறவர், அந்நிழலில் எத்தனை மாமியார் மருமகளிடம் ஒரு வாய்க் காப்பிக்காக மானத்தை விழுங்கினர், எத்தனை மருமகள் தன் இளமையை மருந்துக் குப்பிகளிடையே கரைத்தாள் என்பதையும் சேர்த்தே பேசட்டும்.

இன்னும் கொடியதொன்று உண்டு. தென்மாவட்டங்களில் 'தலைக்கூத்தல்' என்று ஒரு வழக்கம். எழ முடியாத முதியவருக்கு விடியற்காலையில் எண்ணெய் தேய்த்துக் குளிரக் குளிர நீராட்டுவார்கள். இளநீரைத் தொடர்ந்து புகட்டுவார்கள். காய்ச்சல் வரும், சாவும் வரும். சுற்றத்தார் கூடி நிற்க, சடங்குபோல் நடக்கும் கொலை! விருதுநகர் வட்டாரத்தில் இது நடப்பதை 2010-இல் செய்தித்தாள்கள் வெளியிட்டபோது நாடு திடுக்கிட்டது. திடுக்கிட்டது, பிறகு மறந்தது. அதைச் செய்தவர் அனைவரும் அரக்கரா? அல்ல. அன்றாடங்காய்ச்சிகள். வேலைக்குப் போனால் படுக்கையில் கிடப்பவரைப் பார்க்க ஆளில்லை, வேலைக்குப் போகாவிட்டால் அடுப்பில் உலை இல்லை. குற்றத்தை மன்னிக்க இதைச் சொல்லவில்லை. 'பராமரிப்பு முழுவதும் குடும்பத்தின் கடமை' என்று ஏழையின் தலையில் ஏற்றிவைத்துவிட்டு ஊரும் அரசும் கைகழுவினால், கடமை எங்கே போய் முடிகிறது என்பதைக் காட்டவே சொன்னோம்.

தமிழன் மட்டும்தான் இப்படி என்று தாழ்வு கொள்ள வேண்டாம். இன்று முதியோர் நலத்துக்கு எடுத்துக்காட்டாகப் பேசப்படும் ஸ்வீடனில் என்ன நடந்தது தெரியுமா? ஆதரவற்ற சிறுவரையும் முதியவரையும் ஏலம் விட்டார்கள்! அதிக விலைக்கல்ல, 'இவரை வைத்துச் சோறு போட ஊர் எனக்கு எவ்வளவு தரவேண்டும்' என்று மிகக் குறைந்த தொகை கேட்டவர்க்கு ஏலம் படிந்தது. குறைந்த தொகைக்கு எடுத்தவர் எவ்வளவு சோறு போட்டிருப்பார் என்பதை ஊகித்துக்கொள்ளலாம். 1918-ஆம் ஆண்டுச் சட்டம்தான் அந்த ஏலத்தை ஒழித்தது. பிறகு முதியோர் இல்லங்கள் எழுந்தன. பெயர் மாறிற்றே தவிர, பழைய ஏழை விடுதியின் வாடை போகவில்லை.

அந்த நாட்டில் ஈவர் லூ-யோகான்சன் என்றோர் எழுத்தாளர். பண்ணையாட்களின் மகன். கூலியின் பெரும்பகுதி தானியமும் பாலுமாக அளக்கப்பட்ட அந்தப் பண்ணையடிமை முறை 1945-இல் ஒழிந்ததற்கு, அவர் எழுதிய கதைகள் பெருங்காரணம். அதே பேனாவை அடுத்து அவர் முதியோர் இல்லங்கள் பக்கம் திருப்பினார். ஒளிப்படக் கலைஞர் ஒருவரோடு இல்லம் இல்லமாகச் சென்றார். சுவரை வெறித்தபடி வரிசையாக அமர்ந்திருந்த முதியவர்களைக் கண்டார். 1949-இல் 'முதுமை' என்ற பெயரில் நூலாக்கினார், வானொலியிலும் முழங்கினார். இல்லத்துக்கு முதியவரைக் கொண்டுபோகாதே, உதவியை முதியவர் வீட்டுக்குக் கொண்டுவா என்பதே அவர் எழுப்பிய குரல். மறு ஆண்டு, 1950-இல், உப்சாலா நகரில் செஞ்சிலுவைச் சங்கம் முதியோர்க்கு வீட்டுதவி செய்யும் பணியைத் தொடங்கிற்று. நகராட்சிகள் தொடர்ந்தன. 1982 முதல் நடைமுறைக்கு வந்த சமூகச் சேவைச் சட்டம் அவ்வுதவியை உரிமையாக்கிற்று. பிள்ளை உண்டா இல்லையா என்பதல்ல அங்கே முதல் கேள்வி. 'உமக்கு என்ன உதவி தேவை?' என்பது. எழுத்தாளன் எழுதினான், ஏடு எரியவில்லை, சட்டம் பிறந்தது! நம் இளைஞர் இதை ஒருமுறைக்கு இருமுறை எண்ணிப் பார்க்கட்டும்.

அங்கும் எல்லாம் பொன்னுலகமல்ல. உதவிக்கு நிமிடக் கணக்கு. ஆட்கள் மாறிக்கொண்டே இருக்கிறார்கள். வீட்டுதவி பெறும் ஒருவர் பதினான்கு நாட்களுக்குள் சராசரியாகப் பதினைந்து வெவ்வேறு பணியாளரைச் சந்திக்க நேர்கிறது என்று அந்நாட்டுக் கணக்கே அண்மை ஆண்டுகளில் காட்டிற்று. தம் உடலைப் புதிது புதிதாகப் பதினைந்து பேருக்குத் திறந்து காட்டுவது எந்த முதியவருக்குத்தான் இனிக்கும்? உரிமை கிடைத்தபின்னும் போராட்டம் முடிவதில்லை என்பதற்கு இதுவும் ஒரு பாடம்.

இனி நம் நிலை. 2011-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் அறுபது வயது கடந்தோர் ஏறத்தாழ 75 இலட்சம். நூற்றுக்குப் பத்துக்கும் மேல். அளவான குடும்பம் என்ற சீர்திருத்தத்தில் நாம் முன்னே சென்றோம். அதன் கணக்கு இப்போது வாசற்படியில் நிற்கிறது. 1962-இல் இருபது ரூபாயில் தொடங்கிய முதியோர் உதவித்தொகை 2023-இல் 1,200 ரூபாயாக உயர்ந்தது. ஒன்றிய அரசின் பங்கோ, எண்பது வயதுக்குக் கீழ்ப்பட்டவர்க்கு 2007-இலேயே 200 ரூபாய். 2022-இலும் அதே 200! விலைவாசி ஏறியது டில்லிக்கு மட்டும் கேட்கவில்லை போலும்.

2007-ஆம் ஆண்டின் பெற்றோர், முதியோர் பராமரிப்புச் சட்டம் என்ன செய்தது? பிள்ளைகள்மீது வழக்குத் தொடர வழி வகுத்தது. தீர்ப்பாயம் மாதம் 10,000 ரூபாய்வரை பெற்றுத்தரலாம் என்றது. வேண்டிய சட்டந்தான், சொத்தை எழுதி வாங்கிக்கொண்டு துரத்திய மகனை நிறுத்திக் கேட்க வேண்டாமா? ஆனால் பெற்ற மகனைக் கூண்டிலேற்ற எத்தனை தாய்க்கு மனம் வரும்? கூலிக்காரன் மகனிடம் தீர்ப்பாயம் எதை வசூலிக்கும்? பிள்ளையே இல்லாதவள், மணமே செய்துகொள்ளாதவள், எந்த வாசலைத் தட்டுவாள்?

வேறொரு பாதைக்கும் இங்கே தொடக்கம் விழுந்திருக்கிறது. 2021 ஆகஸ்டு 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்', சர்க்கரை நோய்க்கும் இரத்த அழுத்தத்துக்குமான மாத்திரையை வீட்டுக்கே கொண்டுவந்தது. படுக்கையில் கிடப்போர்க்கு இயன்முறை மருத்துவமும் வலிதணிப்புப் பணியும் அதில் அடங்கின. 2025 ஆகஸ்டில் தொடங்கிய 'தாயுமானவர்' திட்டம் எழுபது கடந்தோர் வாசலுக்கு ரேஷன் அரிசியை அனுப்பிற்று. அரிசி வந்தது, மாத்திரை வந்தது. அரிசியை உலையிலிடவும், மாத்திரையை வேளையறிந்து தரவும், கால் வழுக்காமல் குளியலறைக்கு அழைத்துப் போகவும் ஒரு மனிதக் கை வரவேண்டும். அந்தக் கை இன்று பணமுள்ளவர் வீட்டுக்கு மட்டுமே தனியார் முகவர்வழி வருகிறது.

"கூலிக்கு வருபவள் அன்பு காட்டுவாளா?" என்று மீண்டும் கேட்பர். ஆசிரியர் கூலி பெறுகிறார்; அதனால் பிள்ளைகள்மேல் அவருக்கு அன்பில்லையா? மருத்துவர் கூலி பெறுகிறார்; கடமையில் வழுவுகிறாரா? குளிப்பாட்டுவதைப் பயிற்சி பெற்றவர் செய்துவிட்டால், மகளுக்கு மிஞ்சுவது என்ன தெரியுமா? தாயின் அருகில் அமர்ந்து பேசும் நேரம்! களைப்பும் கசப்பும் இன்றிக் கையைப் பிடித்துக்கொள்ளும் நேரம்! கடமையின் சுமையை ஊர் பங்கிட்டுக்கொண்டால் அன்பு குறையாது. அச்சமும் கணக்கும் அற்ற அன்பாக அது மிஞ்சும். வீட்டுக்கு ஆள் வருகிறது என்ற சாக்கில் வருவதையே நிறுத்திவிடும் பிள்ளைகளும் உண்டு. அவர்களுக்காக வாதாட நாம் வரவில்லை.

நம் கவலை அந்தப் பணிப்பெண்ணைப் பற்றியது. முகவர் வாங்கும் தொகையில் அவள் கைக்கு எவ்வளவு வருகிறது? இரவும் பகலும் ஒரே வீட்டில் தங்குபவளுக்கு விடுமுறை நாள் எது? வீடு வீடாக மாத்திரை கொண்டுபோகும் பெண்களையும் 'தன்னார்வலர்' என்றுதான் அழைக்கிறார்கள். அவர்கள் பெறுவதற்கு 'ஊக்கத்தொகை' என்று பெயர், ஊதியம் என்றல்ல. முதியவரின் மானத்தைக் காக்கப் புறப்பட்ட நாம், இன்னொரு பெண்ணின் மானத்தை விலையாகக் கொடுத்தால் அது எந்த வகைச் சீர்திருத்தம்?

சாதியும் அங்கே நுழைகிறது. பிறர் உடலின் அழுக்கைத் தொடும் வேலையை ஒரு கூட்டத்தாருக்கென்றே ஒதுக்கிவைத்த நாடு இது. தம்மைக் குளிப்பாட்டி, துடைத்து, உடை மாற்றிவிடும் பெண்ணுக்குத் தனிக் குவளையில் தண்ணீர் தரச் சொல்லும் முதியவர் இருக்கிறார். அவள் தொட்டுத் துடைத்த உடல் தீட்டாகவில்லை, அவள் தொட்ட குவளை தீட்டாகிவிடுகிறது! வேலைக்கு அமர்த்துமுன் 'என்ன ஆட்கள்?' என்று தாழ்ந்த குரலில் கேட்கும் குடும்பங்களும் இருக்கின்றன. ஊராட்சியும் நகராட்சியும் இப்பணியை ஏற்று நடத்தட்டும் என்கிறோம். பயிற்சியும் மாத ஊதியமும் வார விடுமுறையும் உள்ள வேலையாக, எல்லாச் சாதியாரும் ஆண் பெண் இருபாலாரும் விண்ணப்பிக்கும் வேலையாக அது இருக்கட்டும். உதவி கேட்டு வரும் முதியவரின் படிவத்தில் வயதுக்கு ஓர் இடம், நோய்க்கு ஓர் இடம், தேவைக்கு ஓர் இடம் இருக்கும். பணியாளரின் சாதியைக் கேட்க இடம் இராது. தனிக் குவளை எடுத்துவைக்கும் வீட்டுக்குப் பணியாளர் போனதும் முதலில் சொல்ல வேண்டியது, "ஐயா, எனக்கும் அந்தக் குவளையிலேயே கொடுங்கள்" என்பது. அதை அவர் அச்சமின்றிச் சொல்லப் பின்னால் ஒரு சட்டமும், பக்கத்தில் ஒரு சங்கமும் வேண்டும்.