ஆற்றுக் கணக்கு

கூட்டு வியாபாரத்தில் லாபம் கண்டால் பங்கு கேட்க எல்லோரும் வருகிறோம். நஷ்டம் வந்தாலோ ஆளைத் தேட வேண்டியிருக்கிறது. சிங்கப்பூர் ஆற்றின் வரலாற்றை நினைக்கும்போதெல்லாம் எனக்கு இது ஞாபகத்துக்கு வருகிறது.

மூன்று கிலோமீட்டருக்குச் சற்று அதிகமான சிற்றாறுதான். ஆயினும் 1819க்குப் பிறகு இத்துறைமுகத்தின் சரக்கில் பெரும்பகுதி அதன் வழியே வந்தது. கப்பல்கள் வெளியே நங்கூரமிட்டு நிற்கும். தொங்கான்கள் போய் மூட்டைகளை ஏற்றிவந்து போட் கீ கிட்டங்கிகளில் சேர்க்கும். 19ஆம் நூற்றாண்டில் அந்தப் படகுத் தொழிலில் நம் சூலியாக்களே முன்னணியில் இருந்தார்கள். பிறகுதான் அது சீனர் கைக்குப் போயிற்று. ஆகவே ஆற்றின் வரவில் மட்டுமல்ல, அதன் அழுக்கிலும் நமக்குப் பங்குண்டு.

ஆற்றைக் கெடுக்க வேண்டுமென்று ஒருவரும் எண்ணவில்லை. படகுக்காரர் கழிவெண்ணெயை ஊற்றினார். தெருக்கடைக்காரர் எச்சிலைக் கொட்டினார். “ஒரு கூடைதானே, கடல் கொண்டுபோய்விடும்” என்பது எல்லோருக்கும் சமாதானம். தனித்தனியே பார்த்தால் அது பொய்யுமில்லை. ஒரு கூடையால் ஆறு கெடாது. அப்படியானால் தண்ணீர் கறுத்து நாறியதே, அது யார் குற்றம்?

மூட்டைக்கு ஒரு பிடி அரிசி குறைத்து நிறுப்பவர் எந்த வாடிக்கைக்காரரையும் ஏழையாக்கிவிடுவதில்லை. அதற்காக அவரை நாணயஸ்தர் என்று நாம் சொல்வதுண்டா?

1977இல் அரசாங்கம் துப்புரவைத் தொடங்கி 1987இல் முடித்தது. 1983இல் தொங்கான்கள் பாசிர் பாஞ்சாங்குக்கு அனுப்பப்பட்டன. தெருக்கடைகள் கட்டடங்களுக்குள் போயின. பன்றி, வாத்துப் பண்ணைகள் மூடப்பட்டன. ஆயிரக்கணக்கான குடும்பங்கள் இடம் பெயர்ந்தன. நல்ல காரியம்தான், மறுப்பில்லை. ஆனால் பழைய பாக்கியைத் தீர்த்தவர் யார்? நூறாண்டுக்கு மேல் லாபம் பார்த்த முதலாளிகளில் அநேகர் முன்பே போய்ச் சேர்ந்துவிட்டார்கள். கடைசியாகப் படகில் நின்ற தொழிலாளியும் தள்ளுவண்டிக்காரருமே கட்டினார்கள். மாற்றிடம் தந்தார்கள் என்பது உண்மை. ஆற்றங்கரை வாடிக்கையை யார் தரமுடியும்?

2008இல் மரினா அணைக்கட்டு எழுந்தபின் இவ்வாறு நேரே கடலில் கலப்பதில்லை. குடிநீர்த் தேக்கத்தில் போய் நிற்கிறது. கடல் கொண்டுபோகும் என்ற பழைய சமாதானம் இனிச் செல்லாது. இன்று போட் கீயில் உலாவுகிறவர் கைநழுவவிடும் காகிதக் குவளை, அவர் வீட்டுக் குழாய்க்குப் போகும் தண்ணீரில்தான் விழுகிறது.