இரண்டு முறை கேட்கப்பட்ட மேல்முறையீடு

சூரியநெல்லி வழக்கில் 24 பேர் குற்றவாளிகளே என்று 2014 ஏப்ரல் 4 அன்று கேரள உயர் நீதிமன்றம் உறுதிசெய்தது. தண்டனையை எதிர்த்த அதே மேல்முறையீடுகளை அதே நீதிமன்றம் 2005 ஜனவரியில் ஒருமுறை கேட்டு, ஒருவரைத் தவிர மற்ற 35 பேரையும் விடுவித்திருந்தது. போடிமெட்டு ஏறிப் போனால் வரும் சூரியநெல்லி என்ற தேயிலை ஊரைச் சேர்ந்த 16 வயதுப் பள்ளி மாணவி ஒருத்தி 1996 ஜனவரியில் கடத்தப்பட்டு, நாற்பது நாள் ஊர் ஊராகக் கொண்டுசெல்லப்பட்டுப் பாலியல் வன்கொடுமைக்கு ஆளாக்கப்பட்டாள். 2014 தீர்ப்பு வந்தபோது அவள் வயது முப்பதைத் தாண்டிவிட்டது.

சிறப்பு நீதிமன்றம் 2000-இல் தண்டித்தவர்களை உயர் நீதிமன்றம் விடுவித்ததற்கு முக்கியக் காரணம், தப்பிக்க வாய்ப்பிருந்தும் அவள் தப்பவில்லை என்பது. அன்றைய சட்டப்படி சம்மத வயது 16. அதை அவள் கடந்திருந்ததாலேயே, அச்சத்தில் உறைந்துபோன ஒரு சிறுமியின் மௌனம் சம்மதமாக வாசிக்கப்பட்டது. நீதிமன்றத்தை மட்டும் குறைசொல்லி நாம் விலகிவிட முடியாது. ‘ஏன் ஓடி வரவில்லை?’ என்ற கேள்வியைத் தெருவிலும் பேருந்திலும் முதலில் கேட்டவர்கள் நாம்தான். குற்றம் சாட்டப்பட்டவர்கள் பிணையில் தத்தம் ஊரில் நடமாடியபோது, அந்தக் குடும்பம்தான் ஊரைவிட்டுப் போக நேர்ந்தது.

மேல்முறையீடு தேவையற்றது என்று சொல்லவில்லை. கீழ் நீதிமன்றம் தவறக்கூடும். நிரபராதி ஒருவன் சிறையில் வாடாதிருக்க அந்தக் கதவு திறந்தே இருக்க வேண்டும். ஆனால் விடுதலையை எதிர்த்த மேல்முறையீடு உச்ச நீதிமன்றத்தில் ஏறக்குறைய எட்டு ஆண்டுகள் கிடந்தது. 2012 டிசம்பரில் டெல்லியில் நடந்த பாலியல் கொடுமை நாட்டை உலுக்கிய பிறகுதான், 2013 ஜனவரி 31 அன்று அந்த விடுதலை ரத்தாகி, ஆறு மாதத்துக்குள் மறுபடி விசாரிக்கும்படி உத்தரவு வந்தது. அதற்கும் பதினான்கு மாதங்கள் ஆயின. இதற்கிடையில் முதன்மைக் குற்றவாளி பிணையில் போய்ப் பல ஆண்டுகள் தலைமறைவாக இருந்தார். தண்டிக்கப்பட்டவர்களில் சிலர் இறந்தும் போனார்கள். காத்திருப்பதற்கு வழக்கறிஞரும் பிணையும் ஒரு தரப்புக்கு இருந்தன. மறு தரப்புக்கு, அதே நாற்பது நாளை ஒவ்வொரு விசாரணையிலும் பிறர் எடுத்துப் பேசக் கேட்டுக்கொண்டிருப்பது மட்டுமே மிஞ்சியது.

2013-இல் இந்தியத் தண்டனைச் சட்டம் திருத்தப்பட்டது. அதில் சம்மத வயது 18 ஆனது. உடலால் எதிர்க்கவில்லை என்பதாலேயே சம்மதம் ஆகிவிடாது என்றும் எழுதப்பட்டது. அதற்கு முன்பே, 2009-இன் இறுதியில் நடைமுறைக்கு வந்த குற்றவியல் நடைமுறைச் சட்டத் திருத்தம், விடுதலையை எதிர்த்து மேல்முறையீடு செய்யும் உரிமையைப் பாதிக்கப்பட்டவருக்கும் தந்தது. இவை பெரிய மாற்றங்கள். ஆனால், பாலியல் குற்ற வழக்குகளின் மேல்முறையீடுகள் எத்தனை முறை வந்தாலும் குறித்த காலத்துக்குள் கேட்டு முடிக்கப்பட்டால்தான் இந்தச் சட்டங்களுக்குப் பொருள் உண்டு. பதினெட்டு ஆண்டு கழித்து வந்த தீர்ப்பு சரியானதுதான். ஆனால் அது சிறுமியாக இருந்தபோது அவளுக்குக் கிடைக்கவில்லை. இன்னொரு சிறுமிக்காவது உரிய நேரத்தில் கிடைக்கும்படி நீதிமன்றங்களும் அரசும் பார்த்துக்கொள்ள வேண்டும். அவளிடம் ‘ஏன் ஓடவில்லை?’ என்று கேட்காதிருப்பது நம் பொறுப்பு.