கதிரவன் தீயும் வேட்கைத் தீயும்

நீரக அணுக்கருக்கள் இணைந்து ஹீலியமாகுங்கால் எழும் ஆற்றலே கதிரவனின் ஒளி. 1952இல் மனிதன் அவ்விணைப்பைப் பேரளவில் நிகழ்த்தியபோது, பசிபிக் கடலில் எலுகெலாப் என்னும் தீவே மறைந்தது. அதனை இருபதாண்டுகளில் கட்டுக்குள் கொணரும் வழி பிறக்குமென 1955இல் ஜினீவா மாநாட்டுத் தலைவர் ஹோமி பாபா கூறினார், பிறக்கவில்லை. 2022 டிசம்பரில் அமெரிக்காவின் லிவர்மோர் ஆய்வுக்கூடத்தில் 2.05 மெகாஜூல் லேசர் ஒளி 3.15 மெகாஜூல் ஆற்றலைத் தந்தது. அவ்வொளியை ஆக்கவே ஏறத்தாழ 300 மெகாஜூல் மின்சாரம் செலவாயிற்று என்பதைப் பலர் சொல்வதில்லை!

அளவற்ற ஆற்றல் வரின் உலகில் பூசல் ஒழியும் என்பார் உளர். நாம் அவ்வாறு கருதோம். பூசலின் வேர் வேட்கையெனப் பகவன் கண்டார். வேட்கையோ கிடைத்ததைக் கொண்டு நிறைவதன்று. அந்த லேசர் நிலையமே அணுவாயுதக் கையிருப்பைப் பேணும் ஆராய்ச்சிக்காக எழுந்ததன்றோ? ஆயினும் வறுமையும் துன்பமே. சேரியில் விளக்கில்லாக் குடிசைக்கு அவ்வொளி முதலில் வருமாயின், நாம் அதனை மனமார வரவேற்போம்.