கேட்காமல் எழுதிய முடிவு

மலேசியாவில், கெடாவின் பாடாங் மேஹா போன்ற தோட்டப்புறங்களில், குடியுரிமை இல்லாத நிரந்தரவாசியின் அடையாள அட்டையான சிவப்பு ஐசியின் கதை தெரியாதவர் கிடையாது. காலமெல்லாம் பால்மரம் சீவியவர் குடியுரிமைக்கு மனுப் போடுவார். ஆண்டுகள் கழித்து, காரணம் சொல்லாமல் ‘நிராகரிக்கப்பட்டது’ என்று கடிதம் வரும். கூட்டரசு அரசாங்கத்தின் அந்த முடிவை நீதிமன்றம் மறுஆய்வு செய்யக் கூடாது என்கிறது அரசியலமைப்பின் இரண்டாம் அட்டவணை. அடைக்கலம் தேடி வந்தவருக்கோ இத்தகைய நிராகரிப்பு உயிருக்கே உலை வைக்கும்.

சம்பந்தப்பட்டவரைக் கேட்காமல் முடிவெடுக்கலாமா என்ற கேள்வியை நேருக்கு நேர் எதிர்கொண்ட தீர்ப்பு, இரண்டு இலங்கைத் தமிழர்கள் ஆஸ்திரேலியாவில் தொடுத்த வழக்கில் வந்தது. 2009-இல் படகில் வந்தவர்களைக் கிறிஸ்துமஸ் தீவில் அடைத்திருந்தார்கள். அவர்களுடைய அடைக்கலக் கோரிக்கையை மறுபடி ஆராய்ந்தவர்களின் கையில் இலங்கை நிலவரம் பற்றிய தகவல்கள் இருந்தன. ‘இப்படி ஒரு தகவல் இருக்கிறதே, இதற்கு என்ன சொல்கிறீர்கள்?’ என்று ஒரு வார்த்தை கேட்காமலே முடிவை எழுதிவிட்டார்கள். ஒருவர் சொன்ன அச்சங்களில் ஒன்றைத் தொடவே இல்லை. இது அமைச்சருக்குச் சொல்லும் ஆலோசனைதான், சட்டப்படியான விசாரணை அல்ல என்று அரசு வாதாடியது. அந்த ஆலோசனை முடியும்வரை மனிதர் காவலில் கிடக்கிறாரே, ஆகவே நியாயமான நடைமுறை கட்டாயம் என்று 2010 நவம்பர் 11 அன்று அந்நாட்டின் தலைமை நீதிமன்றத்தின் ஏழு நீதிபதிகளும் ஒருமித்துச் சொன்னார்கள். நீதிமன்றம் விசா கொடுக்கவில்லை. அது நீதிமன்றத்தின் வேலையும் அல்ல.

எதிர்வாதத்தைத் தள்ளிவிட முடியாது. எல்லையைக் காப்பது அரசின் கடமை. பொய்க் கோரிக்கைகளும் வரும். வழக்கு இழுக்க இழுக்க உண்மையான அகதியின் காத்திருப்பும் நீளும். ஆனால் தாமதத்துக்கு மருந்து உண்டு: அதிகாரிகளைக் கூட்டலாம், மொழிபெயர்ப்பாளர்களைக் கூட்டலாம். திருப்பி அனுப்பப்பட்டவர் அங்கே சித்திரவதைக்கு ஆளான பிறகு தெரியவரும் தவற்றுக்கு மருந்தே இல்லை.

மலேசியா 1951 அகதிகள் ஒப்பந்தத்தில் சேரவில்லை. அகதியைக் காக்கச் சட்டம் கட்டாயப்படுத்தாத நாடு என்பதால்தான், அடைக்கலம் தேடி வந்த 800 பேரை இங்கே அனுப்ப ஆஸ்திரேலியா போட்ட திட்டத்தை அதே நீதிமன்றம் 2011 ஆகஸ்டு 31 அன்று, நம் சுதந்திர நாளிலேயே, தடுத்தது. நம் குடிநுழைவுச் சட்டத்தின் 59ஏ பிரிவு, அச்சட்டத்தின் நடைமுறை மீறப்பட்டதா என்பதை மட்டும் நீதிமன்றம் பார்க்கலாம் என்கிறது. 59ஆம் பிரிவோ, உத்தரவிடும் முன் சம்பந்தப்பட்டவரைக் கேட்க வேண்டும் என்ற நடைமுறையையே எடுத்துவிடுகிறது. இரண்டும் சேர்ந்தால் நீதிபதி பார்ப்பதற்கு என்ன மிஞ்சும்?

கெடாவின் சீக் வட்டாரத்திலுள்ள பெலாந்திக் முகாம் உட்பட, தடுப்பு முகாம்களுக்குள் ஐ.நா. அகதிகள் ஆணையம் செல்வதும் 2019 ஆகஸ்டில் நிறுத்தப்பட்டது. அடைபட்டவர்களில் யார் அகதி என்று உள்ளே போய்க் கேட்டறியும் வழியும் அத்தோடு அடைபட்டது. முகாம் கதவை ஆணையத்துக்குத் திறப்பதற்கும், 59ஆம் பிரிவைத் திருத்துவதற்கும், நாடாளுமன்றமும் அமைச்சும் ஒப்பந்தத்தில் சேரும் நாள்வரை காத்திருக்க வேண்டியதில்லை.