யாருடைய முப்பது நிமிடங்கள்?

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு ஞாயிறு திருப்பலி முடிந்த பின்னர் நம் பங்கு ஆலய வளாகத்தில் மருத்துவ முகாம் ஒன்று நடைபெற்றது. இரத்த அழுத்தம் பார்த்தார்கள். விரல் நுனியிலிருந்து ஒரு சொட்டு இரத்தம் எடுத்துச் சர்க்கரை அளவைக் குறித்துக் கொடுத்தார்கள். இரு வாரங்கள் கழித்து ஒரு தாய் நம்மைக் காண வந்தார். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஓர் ஆலையில் வேலை செய்பவர். நாற்பது வயதைத் தொடாதவர். பள்ளி செல்லும் இரு பிள்ளைகளின் தாய்.

“சர்க்கரைதான்னு உறுதியாயிடுச்சு ஃபாதர். மாத்திரை குடுத்திருக்காங்க. தினம் அரை மணி நேரம் நடக்கணுமாம்” என்றார்.

“அதிலென்ன கஷ்டம் அம்மா? காலையில் சற்று முன்னதாக எழுந்தால் போதுமே” என்று எளிதாகச் சொல்லிவிட்டோம்.

அவர் சிறிது நேரம் பேசாதிருந்தார். பின்னர், “நான் எழுந்திரிக்கிறதே நாலு மணிக்கு ஃபாதர். அந்த அரை மணியை நான் யார்கிட்டேயிருந்து எடுக்கட்டும்?” என்று கேட்டார். அதில் கோபமில்லை, உண்மையாகவே விடை தேடிய கேள்வி அது. நம்மிடம் விடை இல்லை. செபிப்போம் என்று சொல்லி அனுப்பி வைத்தோம். அவர் போய்விட்டார், கேள்வி நம்மிடமே தங்கிவிட்டது.

நம் பகுதியை அறிந்தவர்களுக்கு அவருடைய நாளை விரித்துரைக்க வேண்டியதில்லை. காலை ஆறு மணி ஷிப்டுக்கு ஐந்தேகாலுக்கே கம்பெனி வேன் நெடுஞ்சாலை முனைக்கு வந்துவிடும். அதற்குள் சமையல் முடிந்து, பிள்ளைகளின் டிபன் டப்பாக்கள் மூடப்பட்டிருக்க வேண்டும். பிற்பகல் மூன்று மணிக்குமேல் வீடு திரும்பினால் தண்ணீர், துணி, ரேஷன் கடை, பிள்ளைகளின் வீட்டுப்பாடம், இரவுச் சமையல். கணவர் இரண்டாம் ஷிப்டு முடித்து வரும்போது மணி பதினொன்றை நெருங்கும். அவருக்குச் சோறு போட்டுவிட்டுப் படுப்பவர் மீண்டும் நான்கு மணிக்கு எழுகிறார். ஐந்து மணி நேர உறக்கத்திலிருந்தும் அரை மணியைக் கழிக்கச் சொன்ன நம் அறிவுரை எவ்வளவு கொடியது என்பதை அப்போது நாம் உணரவில்லை. திருவள்ளூர்ப் பக்கத்திலிருந்து திருப்பெரும்புதூர், ஒரகடம் ஆலைகளுக்குப் பேருந்தேறும் பெண்களின் நாளும் இதுவே. ஓவர்டைம் சேர்த்துப் பன்னிரண்டு மணி நேரம் கிரேனில் அமர்ந்தபடியே உழைக்கும் தந்தையின் நாளும் ஏறத்தாழ இதுவே.

மருத்துவ உலகம் கேட்பது பெரிதொன்றுமில்லை. உலக நலவாழ்வு நிறுவனம் 2020-இல் வெளியிட்ட நெறிமுறைகளின்படி, வளர்ந்தவர் ஒருவர் வாரத்திற்கு 150 முதல் 300 நிமிடங்கள் மிதமான உடலியக்கம் கொள்ள வேண்டும். இரண்டு நாள்களேனும் தசைகளை வலுப்படுத்தும் பயிற்சி செய்ய வேண்டும். நாளொன்றுக்கு இருபத்திரண்டு நிமிடங்கள் என்றாலே குறைந்த அளவு நிறைவேறிவிடும். ஆயினும் 2022-ஆம் ஆண்டு நிலவரத்தைக் கணக்கிட்ட ஆய்வொன்று, இந்தியாவில் வளர்ந்தவர்களில் ஏறத்தாழப் பாதிப்பேர் இவ்வளவுகூட உடலை இயக்குவதில்லை என்றது. ஆண்களில் 42 விழுக்காடு, பெண்களில் 57 விழுக்காடு. நம் நாட்டில் பத்துக் கோடிக்கும் மேற்பட்டோர் நீரிழிவு உடையவர்கள் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு 2023-இல் அறிவித்தது. இவ்வளவு பேரும் சோம்பேறிகள் என்று சொல்ல நமக்கு நா எழவில்லை.

இங்கே ஓர் ஐயம் எழும். “நாள் முழுதும் நின்றுகொண்டே வேலை செய்கிறோம், மூட்டை தூக்குகிறோம். இதற்குமேல் உடற்பயிற்சி எதற்கு?” என்று நம் மக்கள் கேட்பார்கள். நியாயமான கேள்வி. ஜெரி மோரிஸ் என்னும் மருத்துவர் இலண்டன் மாடிப் பேருந்துகளில் பணியாற்றியவர்களை ஆராய்ந்து 1953-இல் ஓர் உண்மையை வெளியிட்டார். நாள் முழுதும் அமர்ந்திருந்த ஓட்டுநர்களைவிட, படிகளில் ஏறி இறங்கிய நடத்துநர்களுக்கு மாரடைப்பு நோய் குறைவாக இருந்தது. ஆக, வேலையில் கிடைக்கும் அசைவும் பயனுள்ளதே. ஆனால் கோபன்ஹேகன் நகரில் ஒரு இலட்சத்திற்கும் மேற்பட்டோரைப் பல ஆண்டுகள் கண்காணித்து 2021-இல் வெளியான ஆய்வு, இதன் மறுபக்கத்தைக் காட்டியது. ஓய்வு நேரத்தில் உடலை இயக்கியவர்களுக்கு இதயநோயும் அகால மரணமும் குறைந்தன. பிழைப்புக்காகக் கடும் உடலுழைப்புச் செய்தவர்களுக்கோ அவை கூடின. அதற்குக் காரணங்கள் சொல்லப்படுகின்றன. ஒரே இடத்தில் மணிக்கணக்காக நிற்பதும், இளைப்பாற இடைவெளியின்றிச் சுமப்பதும் இரத்த அழுத்தத்தை உயர்த்தியே வைத்திருக்கின்றன. உடல் தன்னைச் சீராக்கிக்கொள்ள நேரம் கிடைப்பதில்லை.

இச்செய்தியை நாம் ஆலயத்தின் பார்வையிலும் சிந்திக்க வேண்டியிருக்கிறது. அதே கால்கள், அதே இதயம்; பின் வேறுபாடு எதில்? ஆலையில் உடல் கூலிக்கு விடப்பட்டிருக்கிறது. எப்போது நிற்பது, எப்போது அமர்வது என்பதை இயந்திரமும் மேற்பார்வையாளரும் முடிவு செய்கிறார்கள். மாலையில் விருப்பப்படி நடக்கும் அரை மணியில்தான் அவ்வுடல் தன் உரிமையாளரிடம் திரும்பி வருகிறது. இணைச்சட்ட நூலில் ஓய்வுநாள் கட்டளைக்குச் சொல்லப்படும் காரணத்தை நினைவுகூர்வோம். எகிப்தில் நீ அடிமையாயிருந்தாய். ஆகவே உன் வீட்டுப் பணியாளனும் பணிப்பெண்ணும் உன்னைப் போலவே ஓய்வு கொள்ளட்டும் என்பதே அதன் கருத்து. உடலின்மீது தனக்கென ஒரு நேரமும் இல்லாதவனே அடிமை. ஓய்வுநாள் என்பது வேலையின்மை மட்டுமன்று; இவ்வுடல் பார்வோனுக்குச் சொந்தமானதன்று என்னும் அறிக்கை அது. உடல் தூய ஆவியார் தங்கும் கோயில் என்று தூய பவுல் கொரிந்தியருக்கு எழுதியபோது, நம்மிடையே திருமூலர் உடம்பைக் கோயிலாகக் கண்டதைப் போலவே, உடலின் மாண்பைத்தான் சுட்டினார். கோயிலை நாள் முழுதும் வாடகைக்கு விட்டுவிட்டு, விளக்கேற்ற ஐந்து நிமிடமும் ஒதுக்காதிருப்பது முறையாகுமா?

அப்படியானால் பெற்றோரின் தியாகம் என்னாவது? இவ்விடத்தில் நாம் ஒரு தவற்றை ஒப்புக்கொள்ள வேண்டும். தாயை மெழுகுவர்த்திக்கு ஒப்பிட்டு நாம் எத்தனையோ மறையுரைகள் ஆற்றியிருக்கிறோம். தன்னை உருக்கிப் பிறர்க்கு ஒளி தருபவள் என்று சொல்லும்போது பெண்கள் கண் கலங்குவார்கள், ஆண்கள் தலையசைப்பார்கள், வீடு திரும்பியதும் யாரும் எதையும் மாற்றிக்கொள்ள மாட்டார்கள். அந்த உவமையில் ஒரு பொய் ஒளிந்திருக்கிறது. யோவான் நற்செய்தியில் நல்ல ஆயராம் இயேசு தம் உயிரைப் பற்றிப் பேசும்போது, அதை எவரும் தம்மிடமிருந்து பறிப்பதில்லை, தாமே மனமுவந்து கொடுப்பதாகச் சொல்கிறார். கொடுப்பது வேறு, பறிபோவது வேறு. முன்னது தியாகம்; பின்னது இழப்பு. கேட்கும் உரிமையே இல்லாத ஒருத்தியின் உடல்நலம் நாளுக்கு நாள் தேய்வதைத் தியாகம் என்று போற்றுவது, நம் கடமையை மறைத்துக்கொள்ள நாம் கண்டுபிடித்த வழி. இறைவனின் வழி இதுவன்று. சூரைச்செடியின் அடியில் சோர்ந்து, சாவை வேண்டிய எலியாவிடம் வானதூதர் முதலில் பணியைப் பற்றிப் பேசவில்லை; உண்ண அப்பமும் பருகத் தண்ணீரும் கொடுத்து உறங்கவிட்டார். பயணம் நெடியது என்று அறிந்தவரின் செயல் அது.

உடலைத் தெய்வமாக்கும் வேறொரு பிழையும் உண்டு என்பதை நாம் மறுக்கவில்லை. உடல்நலம் இறைவனின் கொடை, அதைப் பேணுவது கடமை என்று கற்பிக்கும் திருச்சபையின் மறைக்கல்வி நூல், உடலை வழிபடும் போக்கையும் உடனே கண்டிக்கிறது. ஆனால் கண்ணாடி முன் நிற்க ஒரு நிமிடமும் கிடைக்காத தாய்க்கு இந்த எச்சரிக்கையைச் சொல்வது, பட்டினி கிடப்பவனுக்குப் பெருந்தீனியின் தீமையை விளக்குவது போன்றதே. இத்தாலிய மருத்துவரான புனித ஜியன்னா பெரெட்டா மோல்லாவை 2004-இல் திருத்தந்தை இரண்டாம் அருள் சின்னப்பர் புனிதராக அறிவித்தார். நான்காம் குழந்தையைக் காக்கத் தம் உயிரை ஈந்தவர் என்றே நாம் அவரை அறிவோம். அவர் வேலைக்குச் சென்ற தாய் என்பதும், மலையேற்றத்திலும் பனிச்சறுக்கிலும் பெருமகிழ்ச்சி கண்டவர் என்பதும் நம் மேடைகளில் அதிகம் சொல்லப்படுவதில்லை. அவருக்கிருந்த வாய்ப்புகள் நம் ஆலைத் தொழிலாளருக்கு இல்லை. எனினும் உடலின் மகிழ்ச்சியும் தியாகமும் ஒரே வாழ்வில் பொருந்தும் என்பதற்கு அவர் சான்று.

ஆகவே அந்தத் தாயின் கேள்விக்கு விடை அவரிடம் இல்லை, நம்மிடம் இருக்கிறது. அந்த அரை மணியை அவர் யாரிடமிருந்தும் எடுக்க வேண்டியதில்லை. அது அவருக்கு வரவேண்டிய கடன். கடன்பட்டவர்கள் மூவர்.

முதலாவது கடனாளி தொழில் உலகம். திருத்தந்தை பதின்மூன்றாம் சிங்கராயர் 1891-இல் எழுதிய தொழிலாளர் சுற்றுமடலில், வேலை நேரம் மனிதரின் வலிமையை மீறக் கூடாது, உழைப்பின் கடுமைக்கேற்ப ஓய்வு இருக்க வேண்டும் என்று கற்பித்தார். விடுதலை பெற்ற இந்தியா 1948-இல் இயற்றிய தொழிற்சாலைகள் சட்டம் வாரத்திற்கு 48 மணி நேரம் என்று வரையறுத்தது. 2023 ஏப்ரல் 21 அன்று, நாளொன்றுக்குப் பன்னிரண்டு மணி நேர வேலைக்கு இடந்தரும் திருத்த மசோதா நம் சட்டமன்றத்தில் நிறைவேறியது. தொழிற்சங்கங்கள் எதிர்த்தன, மூன்று நாள்களில் அது நிறுத்தி வைக்கப்பட்டது, மே முதல் நாள் திரும்பப் பெறுவதாக அறிவிக்கப்பட்டது. தொழிலாளரான புனித சூசையப்பரின் விழா நாளும் அதுவே. வாரத்தில் மொத்த மணி கூடவில்லையே என்று சிலர் வாதிட்டார்கள். நான்கு மணிக்கு எழுபவரிடம் கேட்டிருந்தால், மனிதர் வாழ்வது வாரக் கணக்கில் அன்று, நாள் கணக்கில் என்று சொல்லியிருப்பார்.

இரண்டாவது கடனாளி இல்லம். இருவரும் ஆலைக்குச் செல்லும் வீட்டில் அடுப்படி மட்டும் ஒருவருக்கு உரியதாக இருப்பது எந்த நீதி? இரவுப் பாத்திரங்களைக் கணவர் துலக்கினால் இருபது நிமிடம் மிச்சமாகிறது. பத்து வயதுப் பிள்ளை தன் துணியை மடித்து வைத்தால் மேலும் பத்து நிமிடம். நாம் தேடிய முப்பது நிமிடங்கள் வீட்டுக்குள்ளேயே இருந்தன. முந்நூறு கிலோமீட்டருக்கும் மேல் நடந்தே வேளாங்கண்ணிக்குச் செல்லும் ஆண்கள் நம் பங்குகளில் இருக்கிறார்கள். அன்னைக்காக அவ்வளவு தூரம் நடக்கும் கால்கள், தம் பிள்ளைகளின் அன்னைக்காக அடுப்படி வரை நடக்கக் கூடாதா?

மூன்றாவது கடனாளி பங்கு, அதாவது நாமே. அன்பியக் கூட்டம், மாதா சபை, நவநாள் என்று அவர்களின் மாலைப் பொழுதுகளை நாமும் கேட்டு வாங்கினோம். மாவட்டந்தோறும் எட்டுக் கிலோமீட்டர் நடைபாதை என்னும் அரசின் ‘நடப்போம் நலம் பெறுவோம்’ திட்டம் 2023 நவம்பரில் தொடங்கியது, நல்ல முயற்சிதான். ஆனால் லாரிகளும் தெருநாய்களும் நிறைந்த, விளக்கில்லாத சாலையில் தனியே நடக்க அஞ்சும் பெண்ணுக்கு அருகிலேயே ஓர் இடம் வேண்டும். ஆலய மைதானத்தை விடப் பாதுகாப்பான இடம் எது? ஞாயிறு காலை பிள்ளைகள் மறைக்கல்வி வகுப்பில் இருக்கும் ஒரு மணி நேரமும் தாய்மார் மரத்தடியில் காத்திருப்பதைப் பல ஆண்டுகளாகப் பார்த்திருக்கிறோம். இப்போது அந்நேரத்தில் அவர்கள் மைதானத்தைச் சுற்றி நடக்கிறார்கள். வார நாள்களில் இரவு ஒன்பது வரை விளக்குகளை எரியவிடுகிறோம். அன்பியக் கூட்டங்களில் ஒன்றைக் குறைத்துக்கொண்டோம். விசுவாசம் குறைந்ததாகத் தெரியவில்லை.

வேலைக்குச் செல்லும் பெற்றோருக்குச் சில சொற்கள். ஒரே மூச்சில் அரை மணி கிடைக்காவிட்டால் மனம் தளர வேண்டாம்; பத்து நிமிடத்திற்குக் குறைந்த நடை கணக்கில் சேராது என்னும் பழைய விதியை 2020-இன் நெறிமுறைகள் கைவிட்டுவிட்டன. பேச முடிகிற, ஆனால் பாட முடியாத வேகத்தில் நடந்தால் அது போதுமான வேகம். ரயில் நிலையத்திலிருந்து ஷேர் ஆட்டோவைத் தவிர்க்க முடிந்தால் அதுவே பயிற்சி. பிள்ளைகளையும் உடன் அழைத்து நடக்கலாம். பேசுவதற்கும் அதுவே நேரம். இரவு ஷிப்டு முடித்தவர்கள் முதலில் உறங்குங்கள். உறக்கத்தை விற்று உடற்பயிற்சியை வாங்க வேண்டாம். சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்திற்கும் மருந்துண்பவர்கள் மருத்துவரைக் கேட்டுத் தொடங்குங்கள்.

நம் மைதானத்தில் நடக்கத் தொடங்கியவர்களில் சிலர் நின்றுவிட்டார்கள். ஷிப்டு மாறியது, மாமியார் நோயுற்றார், தேர்வு வந்தது. அந்தத் தாய் ஞாயிறுதோறும் நடக்கிறார். கணவருக்கு முதல் ஷிப்டு வாய்க்கும் வாரங்களில் மாலையிலும் வருகிறார். அந்நேரத்தில் வீட்டில் சோறு வடிப்பது அவர் கணவர். மருத்துவர் சொன்ன கணக்கு இன்னும் நிறைவாகவில்லை. அண்மையில் ஒரு மாலை மைதானத்தில் அவரைக் கண்டு, “இன்று எத்தனை சுற்று அம்மா?” என்று கேட்டோம். “எண்ணவே இல்லை ஃபாதர்” என்று சிரித்தார். நாள் முழுதும் உற்பத்தி எண்ணிக்கை பார்த்தே உழைக்கும் ஒருவர், எண்ணாமல் நடந்த நேரம் அது. ஓய்வுநாளின் ஆண்டவர் அம்மைதானத்தில் அவரோடு நடந்தார் என்றே நாம் நம்புகிறோம்.